மறுப்பவர் ஒருவர் தேவை

ஒரு திங்கட்கிழமை காலை சைக்காலஜி சார் மீசையில்லாமல் பள்ளிக்கு வந்தார். வெள்ளிக்கிழமை வரை அந்த மீசை அடர்த்தியாக, ஒழுங்காகத்தான் இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"முடி வெட்டிக்கப் போனேன். 'மீசைய எடுத்துரலாங்களா சார்?'னு கேட்டார். சரின்னுட்டேன்."

"எடுக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சுங்களா?"

"இல்லையே. கத்தியைக் கையில வெச்சுக்கிட்டு அவ்வளவு நம்பிக்கையா கேட்கிறார். மாட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்று மூக்குக்குக் கீழே தடவிக்கொண்டார்.

அவரை ஆள் அடையாளம் சொல்ல இதற்கு மேல் எதுவும் வேண்டாம். எழுபதுகளின் தொடக்கத்தில், தர்மபுரிக்கு வெளியே ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். அவர் அங்கே கல்வி உளவியல் நடத்த வந்தவர். வெளியூர்க்காரர். நாற்பதை நெருங்கும் வயது, திருமணம் ஆகாதவர். பெண் பார்த்தவர்கள் யாரும் 'கட்டிக்கொள்' என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் அனுமானம். சொல்லியிருந்தால் கட்டிக்கொண்டிருப்பார்.

யார் என்ன கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் அவர் வாயிலிருந்து "சரிங்க" வந்துவிடும். காரியம் என்னவென்பதைப் பிறகுதான் தெரிந்துகொள்வார். பாலக்கோடு சந்தைக்கு வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் ஓர் அம்மாள் "எடுத்துக்கிட்டுப் போங்க சார், நல்ல தக்காளி" என்றாள் என்பதற்காக ஒரு கூடையே வாங்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். விடுதியில் ஒரு வாரம் தக்காளி ரசம், தக்காளிக் குழம்பு, தக்காளி தொக்கு. தலைமையாசிரியருக்கு இந்தக் குணம் முதல் மாதமே தெரிந்துவிட்டது. விடுதி, நூலகம், தோட்டம், விளையாட்டு, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொரு பொறுப்பாக அவர் தலையில் வைத்தார். பாடம் நடத்துவது அவருக்கு ஓய்வு நேர வேலையாகிவிட்டது.

தலைமையாசிரியர் மேசையில் ஒரு பித்தளை மணி உண்டு. ஒரு அடி அடித்தால் அட்டெண்டர் சின்னசாமி. இரண்டு அடித்தால் நான். மூன்று அடித்தால் சைக்காலஜி சார். அந்த மூன்றாவது அடிக்கு அவர் காத்திருந்ததே இல்லை. இரண்டாவது அடிக்கே எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். வழியில் எதிரே நான் வருவேன். இருவருமாக உள்ளே போவோம்.

இப்படிப்பட்டவர் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தலைப்பு: அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் மனிதர்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள்?

"இந்தத் தலைப்ப நீங்களேவா சார் எடுத்தீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்குக் குழந்தைகள் ஏன் கனவைப் பத்திப் பொய் சொல்றாங்கன்னு பார்க்க ஆசை. புரொபசர் இதைச் செய்னு சொல்லிட்டார்."

சொன்னதன் வேடிக்கை அவருக்கே ஒரு விநாடி கழித்துத்தான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பில் சத்தமே வராது, தோள்கள் மட்டும் குலுங்கும்.

சென்னையில் இருந்த அந்தப் பேராசிரியர் போஸ்ட் கார்டில்தான் ஆராய்ச்சி நடத்தினார். ஒரு கார்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையைப் பற்றி எழுதியிருந்தார். சார் அதை எனக்கு விளக்கினார். சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு ஒரு பெட்டியின் முன்னால் உட்கார வைப்பார்கள். பக்கத்து அறையில் ஒருவர் பாடம் ஒப்பிப்பார். அவர் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் பெட்டியில் ஒரு சுவிட்சைப் போட வேண்டும். போட்டால் அவருக்கு ஷாக் அடிக்கும், ஒவ்வொரு தப்புக்கும் ஷாக் கூடிக்கொண்டே போகும் என்று சொல்லி வைத்திருப்பார்கள். உண்மையில் ஷாக் எதுவும் கிடையாது. உள்ளே இருப்பவர் நடிக்கிறார். கோட்டுப் போட்ட ஒருவர் பக்கத்தில் நின்று "தொடர்ந்து செய்யுங்கள்" என்பார். அலறல் கேட்டும் பாதிப் பேருக்கு மேல் கடைசி சுவிட்சு வரை போட்டார்களாம்.

"நம்ம ஊர்ல செஞ்சு பார்த்து எழுதுன்னு உத்தரவு," என்றார் சார்.

தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் பெட்டி செய்யச் சொன்னோம். ஒரு பழைய ரேடியோப் பெட்டியில் பதினைந்து சுவிட்சுகள், ஒரு சிவப்பு பல்பு, உள்ளே டார்ச் லைட் பாட்டரி.

"யாருக்கு சார் ஷாக்கு?" என்றார் பாய்.

"யாருக்கும் இல்லை பாய். அடிக்கிற மாதிரி தெரியணும், அவ்வளவுதான்."

"ஒண்ணுமே பண்ணாது, ஆனா பாத்தா பயமா இருக்கணும்." பாய் தலையை ஆட்டிக்கொண்டார். "கவர்மெண்டு சாமான்னு மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?"

நூலகத்தில் பெட்டியை வைத்தோம். அதை ஒட்டிய சாமான் அறையில் சின்னசாமி. கிழிந்த தேசப்படங்களுக்கு நடுவே ஒரு நாற்காலியில் அவரை உட்கார வைத்து, கையில் இரண்டு ஒயர்களைச் சுற்றி, கதவை வெளியே தாழ் போட்டுவிடுவோம். பெட்டியில் ஐந்தாவது சுவிட்சுக்கு முனகல், எட்டாவதுக்கு "வுட்டுருங்க சார்", பத்தாவதுக்கு அலறல், பதின்மூன்றுக்கு மேல் மௌனம். சின்னசாமி நாலு நாளில் இதில் தேறிவிட்டார். "எங்க ஊரு கூத்துல எனக்கு வேசம் குடுக்கல பாருங்க" என்று ஒருநாள் வருத்தத்தோடு சொன்னார்.

முதலில் வந்தவன் பென்னாகரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், பயிற்சி மாணவன். முனகல் கேட்டதும் திரும்பிப் பார்த்தான். சார் பக்கத்தில் நின்று, கார்டில் இருந்தபடியே, "தொடர்ந்து செய்யுங்கள்" என்றார். செய்தான். அலறல் கேட்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு செய்தான். மௌனம் வந்தது. பதினைந்தாவது சுவிட்சையும் போட்டுவிட்டு எழுந்து நின்று, "மார்க்கு எவ்ளோங்க சார்?" என்றான்.

சார் அன்று மதியம் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படியேதான். ஒருவன் கண்ணீர் விட்டபடி கடைசி வரை போட்டான். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவன், வீட்டில் கன்னடம் பேசுகிறவன், ஒவ்வொரு சுவிட்சுக்கும் "ஐயோ தேவரே, ஐயோ தேவரே" என்று கடவுளைக் கூப்பிட்டு முனகிக்கொண்டே ஒன்றைக்கூட விடாமல் போட்டான். முடிந்ததும் சின்னசாமியை வெளியே அழைத்து வந்து, எல்லாம் நடிப்பு என்று காட்டுவோம். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஏன் செய்தாய் என்று சார் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "நீங்கதானுங்களே சார் சொன்னீங்க."

வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவோம். ஒரே விடுதியில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுப்பவர்கள். ஒருவன்கூட மூச்சுவிடவில்லை. அந்த அளவுக்குக் கீழ்ப்படிதல்.

பேராசிரியரிடமிருந்து கார்டு வந்தது: 'மறுத்தவர் எவரும் இல்லையா? ஒப்பிட்டுப் பார்க்க மறுப்பவரும் தேவை. உடனே ஏற்பாடு செய்யவும்.'

சார் இரண்டு நாள் அந்தக் கார்டோடு அலைந்தார். மூன்றாவது நாள் ஒரு மாணவனைக் கூப்பிட்டார். விடுதியில் சோறு சரியில்லை என்று ஒருமுறை முணுமுணுத்தவன் என்பதால் அவன் மேல் அவருக்கு நம்பிக்கை.

"இங்க பாருப்பா. நான் தொடர்ந்து செய்னு சொல்வேன். நீ முடியாதுன்னு சொல்லணும். சரியா?"

"சரிங்க சார். எத்தனாவது சுவிட்சுல முடியாதுன்னு சொல்லணுங்க?"

"உன் இஷ்டம்."

"அது தப்பாப் போயிருங்க சார். நீங்களே ஒரு நம்பரு சொல்லிருங்க."

ஒன்பது என்றார் சார். பையன் ஒன்பதாவது சுவிட்சு வந்ததும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "முடியாதுங்க சார்" என்றான். பிறகு, "சரியாச் சொன்னனுங்களா?" என்று கேட்டான். சார் குறிப்பேட்டில் அவன் பெயரைக் கீழ்ப்படிந்தவர்கள் பக்கத்தில் எழுதினார். அந்த ஒரு விஷயத்தில் அவரை யாரும் வளைக்க முடியாது, கண்ணால் பார்த்ததை மாற்றி எழுத மாட்டார்.

இனி மாதம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியைக் கூட்டிப் பெருக்கி, குடிதண்ணீர் எடுத்து வைப்பவள். நிரந்தர வேலை இல்லை, தலைமையாசிரியர் வரச் சொல்லும் வரை வரலாம். ஊர் அதியமான்கோட்டைக்கு அந்தப் பக்கம். கிணறு வெட்டும்போது கல் விழுந்து கால் போன புருஷன் வீட்டோடு. மகளின் பிரசவத்துக்காக அரூர் போய் மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தாள். எங்கள் ஆராய்ச்சியைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவள் வந்த மறுநாள், காலை பதினொரு மணி இருக்கும். பெட்டியின் முன்னால் ஒரு மாணவன், பக்கத்தில் சார், மூலையில் குறிப்பெடுக்க நான். பத்தாவது சுவிட்சு. உள்ளேயிருந்து சின்னசாமி, அன்றைக்கு நல்ல குரல் வாய்த்திருந்தது போல, "ஐயோ, சாவறனே, கதவத் தொறங்களேன்" என்று கத்தினார்.

வராந்தாவில் துடைப்பம் விழும் சத்தம். மாதம்மா நூலகத்துக்குள் நுழைந்தாள். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்த் தாழை நீக்கினாள். சின்னசாமி கையில் இருந்த ஒயர்களைப் பிடுங்கி, அவரை இழுத்து வெளியே நிறுத்தினாள்.

"ஆராய்ச்சி நடக்குதும்மா, வெளியே போங்க," என்றார் சார். கார்டில் இல்லாத வசனம்.

"ஆள வெச்சிப் பூட்டிட்டு என்னா ஆராய்ச்சி? படிச்சவங்கதான நீங்கெல்லாம்? இத்தினி பேரு நின்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க!"

"ஆயா, நடிப்பு ஆயா, எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் சின்னசாமி. அவள் காதில் விழவில்லை. பெட்டியைத் தூக்கினாள். ஜன்னல் வழியாக வீசினாள்.

வெளியே தலைமையாசிரியர் பூந்தொட்டிகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். பெட்டி அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து உடைந்தது. பதினைந்து சுவிட்சும் நாலு பக்கமும் சிதறின.

நான் சாரைப் பார்த்தேன். அவர் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "கிடைச்சுட்டாங்க!" என்றார். மாதம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

அரை மணி நேரத்தில் மணி இரண்டு முறை அடித்தது. குறிப்பேட்டில் மாதம்மாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த சார் காதில் அது விழவில்லை. தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். கூட்டுபவள் வகுப்பு நேரத்தில் அத்துமீறி நுழைந்தது, விரிவுரையாளரைத் தாக்க முற்பட்டது, பள்ளி உடைமையைச் சேதப்படுத்தியது. தாக்க முற்பட்டாள் என்பது பொய் என்று எனக்குத் தெரியும். பெட்டி பள்ளி உடைமை இல்லை என்பதும் தெரியும். இரண்டையும் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.

மணி மூன்று முறை அடித்தது. சார் வந்தார்.

"ஒரு கையெழுத்து போடணும்," என்றார் தலைமையாசிரியர்.

"சரிங்க சார்," என்றார் அவர். அப்புறம்தான் காகிதத்தைப் படித்தார். பாதியில் நிறுத்தினார். "சார், அந்தம்மா என்னை ஒண்ணும்…"

தலைமையாசிரியர் காகிதத்தின் அடியில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இங்க."

சார் பேனாவைத் திறந்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாதவர் போலச் சற்று நேரம் மேசை மேலேயே வைத்திருந்தார். அன்று மாலையே மாதம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், "கூட வர்றீங்களா?" என்று என்னைக் கேட்டார். இரண்டு சைக்கிளில் போனோம். கேழ்வரகுக் காட்டை ஒட்டி ஓலை வேய்ந்த ஒற்றை அறை. மாதம்மா எங்களைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"வாங்க சார், வாங்க. வூடு இப்பிடித்தாங்க இருக்கும், உக்காருங்க." கட்டிலை இழுத்துப் போட்டாள். உள்ளே புருஷன் எழுந்திருக்க முயல்வது தெரிந்தது.

சார் உட்காரவில்லை. "நான்தாம்மா கையெழுத்து போட்டேன். நீங்க என்னை அடிக்க வந்தீங்கன்னு அதுல எழுதியிருந்துச்சு. படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன்."

மாதம்மா அவருக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினாள். "நீங்க என்னா சார் பண்ணுவீங்க? பெரிய சாரு போடுன்னா போட்டுத்தான ஆவணும். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க."

திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். குறிப்பேட்டில் அத்தனை மாணவர்களும் சொல்லி, அவரும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த அதே சமாதானத்தை, அவரால் வேலை இழந்தவள் அவருக்குக் கொடுக்கிறாள். அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்போ நீங்க மட்டும் எப்படிம்மா? நான் வெளியே போங்கன்னு சொன்னேனே."

"சொன்னீங்களா?" அவள் உண்மையாகவே யோசித்தாள். "ஒரு ஆளு கத்துனா கதவத் தொறக்க மாட்டாங்களா சார்? இதுல கேக்கறதுக்கு என்னா இருக்குது?"

திரும்பும் வழியில் மேடு இல்லாத இடத்திலும் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை மணி அடிக்காமலே தலைமையாசிரியர் அறைக்குள் போனார். நான் அங்கே கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"நான் கையெழுத்து போட்டது பொய்ங்க சார். திருப்பி வாங்கிக்கிறேன்."

"அது மேலே போயாச்சு. போய்க் கிளாஸ எடுங்க."

"சரிங்க சார்," என்றார். ஆனால் நின்ற இடத்திலேயே நின்றார்.

"போங்கன்னேன்."

"சரிங்க சார்." நகரவில்லை. வாய் அதன் பழக்கத்தில் ஒத்துக்கொண்டது, கால்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

தலைமையாசிரியர் மேசை மணியை மூன்று முறை அடித்தார். யாரை அழைக்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அழைக்கப்பட வேண்டியவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். "அந்தம்மாவைத் திரும்பச் சேர்த்துக்கற வரைக்கும் விடுதி, நூலகம், தோட்டம், தொட்டி எதையும் பார்க்க மாட்டேன்ங்க சார். முடியாதுங்க சார்," என்றார். சொல்லிவிட்டு, அடிபட்டவர் போல மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

பத்து நிமிடத்தில் என் அறைக்கு வந்தார். மேலதிகாரிக்கு ஒரு கடிதம், நடந்ததை நடந்தபடி. டைப் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"தலைமையாசிரியர் அனுமதி இல்லாம அடிக்க முடியாதுங்களே சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இத்தனை நாளும் சுவிட்சு முன்னால் உட்கார்ந்தவர்களைப் பார்த்த அதே பார்வை. ஆனால் என் பெயரை எங்கும் எழுதிக்கொள்ளவில்லை. என் மேசையிலேயே ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, நாலு பக்கம் கையால் எழுதினார். பிறகு ஒரு போஸ்ட் கார்டு எடுத்தார். பேராசிரியருக்கு. தலைப்பை மாற்றிக்கொள்வதாக ஒரே ஒரு வரி. அதை எழுதத்தான் ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஒரு மாதத்தில் அவரைக் கன்னியாகுமரிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அதற்கு அடுத்த மாதம், விசாரிக்கப்பட்டதாகவும் மாதம்மாவை மீண்டும் சேர்த்துக்கொள்ளவும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. தலைமையாசிரியர் அதை நின்றுகொண்டே படித்தார். அன்று மதியமே ஆளனுப்பி அவளை வரவழைத்தார். உத்தரவு என்றால் உத்தரவு என்று எங்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

அந்த வருடக் கடைசியில் ஊழியர்களைப் பற்றிய ரகசியக் குறிப்புகளை மேலே அனுப்ப வேண்டியிருந்தது. டைப் அடிக்க வேறு ஆள் இல்லாததால் என்னுடையதையும் நானே அடிக்கும்படி ஆயிற்று. தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார். நேரம் தவறாமை, நன்று. கையெழுத்து, சுமார். கீழ்ப்படிதல் என்ற இடம் வந்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பிரியமாகப் பார்த்தார்.

"மிக மிக நன்று," என்றார். "மிக, ரெண்டு தடவ போடு."

ரெண்டு தடவை போட்டேன்.